தூக்கத்தில் தாண்டிய எல்லை

மே 6, திங்கள்

இன்று காலை எழுந்ததும் முதலில் செய்தது, போன் வரைபடத்தில் என் புள்ளி சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்த்ததுதான். நின்றது. லெட்டர்கென்னி, எங்கள் தெரு, எங்கள் வீட்டுக் கூரைக்கு நேர் மேலே நீலமாக.

போன மாதம் ஒரு நாள் அது நகர்ந்து பக்கத்து வீட்டில் போய் நின்றுவிட்டது. அங்கே பாடி என்கிற எழுபது வயதுக்காரர் இரண்டு நாய்களோடு இருக்கிறார். நான் காய்ச்சலில் என் அறையில் கிடந்தேன். தென்காசியிலிருந்து என் கணவர் போன் செய்து, "அந்த வீட்ல என்ன வேலை?" என்றார். காய்ச்சல் என்றேன். போன் தப்பாகக் காட்டுகிறது என்றேன். "சரி" என்று வைத்துவிட்டார். ஒரு வாரம் பேசவில்லை. அதிலிருந்து பல் தேய்ப்பதற்கு முன்னால் புள்ளியைப் பார்த்துவிடுகிறேன்.

கட்டாயம் என்று ஒன்றும் இல்லை. கிளம்பும்போது இருவரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. நான் இருக்கும் இடம் அவர் போனில் எப்போதும் தெரிய வேண்டும். நாற்பத்து மூன்று வயதில், கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு ஒரு வருஷம் விடுப்பு போட்டுவிட்டு, மனைவி அயர்லாந்துக்குத் தனியாகப் படிக்கப் போனால் யாருக்குத்தான் கவலை இருக்காது.

இன்று விடுமுறை. துணி துவைத்தேன். கொடியில் போட்டதும் மழை. எடுத்தேன். வெயில். மறுபடி போட்டேன். மறுபடி மழை. பெனிலா ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தாள். இந்த வீட்டில் என்னோடு இருப்பவள், மார்த்தாண்டத்துப் பெண், இருபத்து நாலு வயது. கம்ப்யூட்டர் படிக்கிறாள். சனி ஞாயிறு ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறாள்.

ஒன்பது மணிவாக்கில் அவருடைய செய்தி வந்தது. "சாப்பிட்டாச்சு." அங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்திருக்கிறது. நான் தோசை சுட்டுக்கொண்டேன்.

"அக்கா, அங்க அவங்க வாய தொடச்சாத்தான் இங்க உங்களுக்குப் பசிக்குமா?" என்றாள் பெனிலா.

"பழக்கம்" என்றேன்.

"நல்ல பழக்கம். எங்க வீட்டுப் பூனைகூட அப்பாக்கு முன்னாடி மீன் தின்னும்."

அவளுக்குப் புரியாது. கல்யாணமாகி இருபது வருஷம். அவர் சாப்பிடாமல் நான் உட்கார்ந்தால் சோற்றில் கை போகாது. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கை போகாது, அவ்வளவுதான்.

மே 8, புதன்

ஆய்வுக்கூடத்தில் காலை முழுக்க புகைபோட்ட அயிலை மீன். துண்டு வெட்டி, அரைத்து, தட்டுகளில் ஊற்றி, சூட்டுப்பெட்டியில் வைத்தேன். உணவுப் பாதுகாப்புதான் என் படிப்பு. குளிர்பெட்டியின் குளிருக்கும் சாகாமல் மெதுவாக வளரும் ஒரு கிருமியைத் தேடுவது என் திட்ட வேலை. ஆகஸ்டில் முடியும். முடிந்தால் பட்டம்.

அடுத்த வாரம் டப்ளினில் மாணவர்கள் தங்கள் வேலையைச் சுவரொட்டியாக வைத்துப் பேசும் கூட்டம். எங்கள் வகுப்பிலிருந்து என்னையும் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சந்தோஷத்துக்கு முன்னால் வந்தது வழியைப் பற்றிய பயம்.

இந்த ஊரிலிருந்து டப்ளினுக்கு நேர்ப் பாதை வட அயர்லாந்து வழியாகப் போகிறது. அது பிரிட்டன். எங்கள் அனுமதி அயர்லாந்துக்கு மட்டும்தான். பிரிட்டனுக்குள் கால் வைக்கத் தனி விசா வேண்டும். ஆனால் எல்லையில் கேட் இல்லை, கம்பி இல்லை, போலீஸ் இல்லை. வந்த புதிதில், வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் ஊனா, சுவரில் பெரிய வரைபடம் மாட்டி எங்களுக்கு விளக்கினார். ஓரமாக மஞ்சள் கோடு போட்ட சாலை அயர்லாந்து. கோடு வெள்ளையாக மாறினால் நீங்கள் வேறு நாட்டில் இருக்கிறீர்கள். யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் என்றாவது ஒரு நாள் அதிகாரிகள் பஸ்ஸில் ஏறிப் பார்ப்பார்கள். மாட்டினால் அடுத்த விசா சந்தேகம், படிப்பே சந்தேகம். "கதவு திறந்திருக்கிறது என்பதற்காக நுழைந்துவிடாதீர்கள்" என்றார்.

அதனால் நாங்கள் எல்லாரும் சுற்றித்தான் போவோம். ஸ்லைகோ வரை பஸ், அங்கிருந்து டப்ளினுக்கு ரயில். பாதி நாள் போய்விடும். நிம்மதி இருக்கும்.

மே 11, சனி

அவரிடம் டப்ளின் விஷயம் சொன்னேன்.

"ராத்திரி தங்கணுமா?"

"ஒரு ராத்திரி. பெண்கள் விடுதிதான். போட்டோ அனுப்புறேன்."

"யார் யார் போறீங்க?"

"எங்க வகுப்புல மூணு பேர். மத்த ரெண்டு பேரும் டப்ளின்காரங்க, அவங்க முன்னாடியே போயிடுவாங்க."

பின்னால் எங்கள் வீட்டு மின்விசிறியின் கரகர சத்தம் கேட்டது.

"உன் இஷ்டம்" என்றார்.

இந்த இரண்டு சொல்லைக் கேட்டால் எனக்குப் பயம். ஏன் என்று தெரியவில்லை. இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் என்னை அடித்ததில்லை. குரலை உயர்த்தியதில்லை. வங்கியில் அவரைப்போல் தன்மையான மேலாளர் கிடையாது என்பார்கள். கோபம் வந்தால் தட்டைத் தள்ளி வைப்பார். "பசிக்கல" என்பார். அவ்வளவுதான். இரண்டு நாள், மூன்று நாள். நான் மதுரைக்குத் தோழியின் மகள் சடங்குக்குப் போய்விட்டு ஒரு பஸ் தவறவிட்டு வந்தபோது நாலு நாள். அவர் தட்டு நிறையும்வரை என் தட்டும் கழுவியபடியே இருக்கும்.

இந்தப் படிப்புக்கு விண்ணப்பித்தபோதுதான் ரொம்ப நீண்டது. கடையநல்லூரிலிருந்து அவர் அக்கா, என் மதினி வந்து, "ஒரு வருஷந்தானே தம்பி, திரும்பி வந்தா பிரின்சிபால் ஆயிருவா, உனக்குத்தான் பெரும" என்று சொன்ன பிறகு சாப்பிட்டார். அன்று நான் அழுததைப் பார்த்து மதினி, "பட்டினி கெடந்தவன் அவன், அழுறவ நீயா?" என்றார்கள். நானும்தான் கிடந்தேன் என்று அவர்களுக்குச் சொல்லத் தோன்றவில்லை.

மே 13, திங்கள்

சுவரொட்டியை அச்சடித்து வாங்கினேன். சுருட்டினால் என் உயரம்.

மே 14, செவ்வாய்

பெனிலா புளிச்சோறு கிளறி டப்பாவில் கட்டித் தந்தாள். "ரயில்ல ஏறினதும் தின்னுடணும். உத்தரவுக்குக் காத்திருக்கப்பிடாது" என்றாள்.

சாயங்காலச் செய்தி வரவில்லை. வங்கியில் வேலை அதிகமாக இருக்கும்.

மே 15, புதன். டப்ளின்

வந்து சேர்ந்தேன். விடுதி சுத்தமாக இருக்கிறது. அறை, கட்டில், கதவின் தாழ்ப்பாள், மூன்றையும் படம் எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று காட்டுகிறது. பதில் இல்லை.

பாலும் சர்க்கரையும் நிறையப் போட்டு டீ குடித்தேன். டீ கணக்கில் வராது.

மே 16, வியாழன்

பத்திரமாக வந்துவிட்டேன். எழுதக் கை வரவில்லை. நாளை.

மே 17, வெள்ளி

எழுதிவிட்டால் பயம் குறையுமா என்று பார்க்கிறேன்.

நேற்றுக் காலையிலும் செய்தி வரவில்லை. கூட்டத்தில் என் முறை வந்தபோது வயிற்றில் டீயைத் தவிர எதுவும் இல்லை. ஆனால் பேசத் தொடங்கியதும் எல்லாம் மறந்துபோயிற்று. மீனைப் பற்றியும் குளிரைப் பற்றியும் எனக்குத் தெரிந்ததை நான் சொல்ல, முன்வரிசையில் ஒரு பெண்மணி குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும் வந்து, இந்த முடிவுகளைக் கட்டுரையாக எழுதுங்கள், நானே படித்துப் பார்க்கிறேன் என்றார். வகுப்பில் முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் இருபது வருஷமாகப் பேசியிருக்கிறேன். இப்படி ஒருவர் என்னைப் பார்த்து நினைவில்லை.

இதைச் சொல்லலாம் என்று அவரைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ரயிலில் பெனிலாவின் டப்பாவைத் திறந்தேன். நல்லெண்ணெயும் வெந்தயமும் மணத்தன. மூடிவிட்டேன்.

ஸ்லைகோவில் இறங்கி பஸ் ஏறினேன். முன்பக்கம் மூன்றாவது ஜன்னல். மஞ்சள் கோடு கூடவே வந்துகொண்டிருந்தது. இடது பக்கம் கடல் தெரிந்து மறைந்தது. டோனகால் ஊரைத் தாண்டியது நினைவிருக்கிறது. ஒரு மலைச் சந்தில் ஆடுகள் ரோட்டைக் கடக்க, பஸ் நின்றதும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நினைவில்லை.

யாரோ தோளைத் தொட்டார்கள். ஓட்டுநர். பஸ்ஸில் வேறு யாரும் இல்லை.

"நல்ல தூக்கம் போல" என்று சிரித்தார். "கடைசி நிறுத்தம்."

லெட்டர்கென்னிதானே என்றேன். அதெல்லாம் எப்போதோ போயிற்று, இது டெரி என்றார்.

டெரி. பிரிட்டன். எந்த எல்லைக்குப் பயந்து சுற்றிப் போனேனோ, அந்தச் சுற்று வழி பஸ்ஸே என்னைத் தூக்கிக்கொண்டு போய் எல்லைக்கு அப்பால் வைத்துவிட்டது. லெட்டர்கென்னியோடு நிற்கும் பஸ் இல்லை அது. எனக்குத் தெரியும். தூங்கமாட்டேன் என்றுதான் நம்பியிருந்தேன்.

கையிலிருந்த போன் குலுங்கியது. ஐக்கிய ராஜ்ஜியத்துக்கு நல்வரவு என்று போன் கம்பெனி. ஓட்டுநரிடம் என்ன சொல்வது? எனக்கு இங்கே இருக்க உரிமை இல்லை என்றா? திரும்பிப் போக வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவரே கொஞ்ச நேரத்தில் திரும்புகிறாராம், டீ குடித்துவிட்டு வாருங்கள் என்றார். நான் இறங்கவில்லை. இறங்கினால் மண்ணில் கால் படும். பஸ்ஸுக்குள்ளேயே இருந்தால் பாதிக் குற்றம்தான் என்று ஒரு முட்டாள் கணக்கு. ஜன்னலுக்கு வெளியே ஒரு போலீஸ்காரர் காகிதக் கோப்பையோடு நின்று யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். சுவரொட்டிச் சுருளை மடியில் நிறுத்தி அதன் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டேன்.

பஸ் கிளம்பியது. ஊர் முடிந்து வயல் வந்தது. ஓரத்தில் வெள்ளைக் கோடு. ஒவ்வொரு வளைவிலும் யாராவது கை காட்டி நிறுத்துவார்கள் என்று எதிர்பார்த்தேன். என்ன கேட்பார்கள், என்ன சொல்வேன், அழலாமா, அழுதால் சந்தேகம் கூடுமா. பூரணியின் முகம் வந்தது. பிளஸ் டூ முடித்துவிட்டு அடுத்து எந்தக் கல்லூரி என்று யோசித்து உட்கார்ந்திருக்கும் மகள். அம்மாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம் என்று அவளிடம் ஊரே கேட்கும்.

அப்போது போன் அடித்தது. அவர். இரண்டு நாளுக்குப் பிறகு.

"எங்க இருக்க?"

"பஸ்லங்க. லெட்டர்கென்னி வரப்போகுது."

"சரி" என்றார். வைத்துவிட்டார்.

அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். தூங்காமல் இருந்திருக்கிறார் என்று நினைத்தபோது பாவமாக இருந்தது.

திரும்பிப் பார்த்தால் கோடு மஞ்சள். எப்போது மாறியது என்றுகூடத் தெரியவில்லை. யாரும் நிறுத்தவில்லை. யாரும் ஏறவில்லை. ஒரு நாட்டுக்குள் போய்த் திரும்பி வந்தேன், ஒரு ஈ காக்கைகூட என்னைக் கவனிக்கவில்லை.

இன்று காலை போனைத் திறந்தபோது அவரிடமிருந்து ஒரு படம். வரைபடத்தின் படம். டெரி பஸ் நிலையத்தின் மேல் என் புள்ளி. கீழே ஒரு எழுத்துகூட இல்லை.

மே 18, சனி

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தூங்கிப்போனது, தாண்டியது, பயத்தில் பொய் சொன்னது. அவர் நம்ப வேண்டுமே என்று சட்டத்தையும் விளக்கினேன். அங்கே போனதே தப்பு, தெரிந்தால் படிப்பே போய்விடும், அப்படியிருக்க வேண்டுமென்றே போவேனா என்றேன்.

"தெரிஞ்சா படிப்பு போயிடுமா?" என்று கேட்டார். அதை மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

அக்கறையில்தான் கேட்டார்.

சாயங்காலம் பூரணி பேசினாள். "எம்மா, அப்பா நேத்துலருந்து சாப்பிடல. தோச ஊத்திக் குடுத்தேன். தட்ட அப்படியே தள்ளிட்டாங்க."

மே 19, ஞாயிறு

அவர் சாப்பிடவில்லை. நானும்.

மே 20, திங்கள்

ஆய்வுக்கூடத்தில் ஒரு அடுக்குத் தட்டுகளைக் கீழே போட்டு உடைத்தேன். மூன்று வார வேலை. எங்கள் பேராசிரியர் கோபப்படவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார், வீட்டுக்குப் போகச் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்து எனக்குப் பயம். யாராவது ஏதாவது சொல்லியிருப்பார்களோ?

இப்போதெல்லாம் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். தெருவில் போலீஸ் கார் மெதுவாகப் போனால் ஜன்னல் திரையை இழுத்துவிடுகிறேன். கதவுக் கீழ்ச் சந்தில் தபால் விழும் சத்தத்துக்கு உடம்பு தூக்கிப்போடுகிறது. இன்று விழுந்தது பீட்சா கடை விளம்பரம்.

ஊரிலிருந்து அவர் கூப்பிட்டார். குரல் தளர்ந்திருந்தது.

"டிக்கெட் போடு குழலி. இந்த மாசக் கடைசிக்குள்ள வந்துரு."

"இன்னும் மூணு மாசந்தாங்க. இப்ப வந்தா ஒண்ணுமே இல்லாமப் போயிடும். பாதிப் பட்டம்னு ஒண்ணு கிடையாது."

"நீ வந்து பரிமாறு. அன்னைக்குச் சாப்பிடுறேன்."

பெனிலா கஞ்சி வைத்துக்கொண்டு என் அறை வாசலில் நின்றாள். வேண்டாம் என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இப்பிடிப் பேடிச்சுப் பயந்து செத்துப் போவீங்களாக்கா? உங்கள இங்கருந்து பொணமாத்தான் அனுப்பணுமா? அதுக்கு என்னால கையெழுத்தெல்லாம் போட முடியாது."

கஞ்சியை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். ஆறிப்போய் மேலே ஆடை கட்டியது. இரண்டு கரண்டி குடித்தேன். கஞ்சியும் கணக்கில் வராது என்று வைத்துக்கொள்ளலாம்.

மே 21, செவ்வாய்

விமானப் பயணச்சீட்டு பார்த்தேன். முப்பதாம் தேதி இடம் இருக்கிறது. கடைசிப் பக்கம் வரை போய், பெயரைக்கூட எழுதிவிட்டு, மூடிவிட்டேன்.

மே 22, புதன்

பூரணி கூப்பிட்டாள். மொட்டை மாடியில் நின்று பேசுகிறாள் என்பது காற்றுச் சத்தத்தில் தெரிந்தது.

"எம்மா, நீங்க டிக்கெட் போட்டுட்டீங்களா?"

"இல்லட்டி. ஏன்?"

"போடாதீங்க."

அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"எம்மா, நான் ஒண்ணு சொல்லுவேன், அழக்கூடாது. அப்பா வீட்லதான் சாப்பிடல."

"அப்படின்னா?"

"தெனமும் ராத்திரி பைக் எடுத்துட்டுப் போயிட்டு வாறாங்கல்லா, அந்தச் சட்டைய நான்தானே ஊறப் போடுதேன். சால்னா வாசம். நேத்து கைப்பக்கம் மஞ்சக் கறகூட இருந்துச்சு. பரோட்டா சாப்பிட்டுட்டு வந்து சோத்துத் தட்டத் தள்ளுதாங்க."

"வேற யாராவது வாங்கிக் குடுத்திருப்பாங்க. ஒரு நாள்…"

"ஒரு நாள் இல்லம்மா. நீங்க அயர்லாந்து போகக்கூடாதுன்னு இருந்தாங்கல்லா, அப்பவும் இப்படித்தான். குத்தாலத்துல பரோட்டாக் கடையில என் கூடப் படிக்கிற பிள்ள அவங்கள மூணு தடவ பாத்திருக்கா. ஒங்க அப்பா கோழிக்கால் ரசிச்சுச் சாப்பிடுதாங்கன்னு கிண்டல் பண்ணுனா."

"ஏன்ட்டி அப்பவே சொல்லல?"

"நீங்கதான் சாப்பிடாம அழுதுட்டே இருந்தீங்களே. சொன்னா இன்னும் அழுவீங்கன்னு நெனச்சேன்."

போனை வைத்துவிட்டு நீண்ட நேரம் உட்கார்ந்திருந்தேன். பூரணி சின்னப் பிள்ளை. அவளுக்கு அடிக்கடி சளி பிடிக்கும், வாசம் சரியாகத் தெரியாது. வங்கியில் யாருக்காவது பிரிவு உபசாரம் நடந்திருக்கலாம். பசி மயக்கத்தில் ஒரு நாள் போயிருக்கலாம். வயிற்றில் புண் வந்துவிடும் என்று மருத்துவர் சொல்லியிருக்கலாம். எத்தனையோ காரணம் இருக்கலாம்.

நான் மதுரையிலிருந்து பஸ் தவறவிட்டு வந்த அந்த நாலு நாளும் அவர் ராத்திரி பைக்கில் எங்கேயோ போய் வந்தார். காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்பார்.

மே 23, வியாழன்

மத்தியானம் பெனிலா சாளை மீன் குழம்பு வைத்தாள். தேங்காய் அரைத்து, மாங்காய் போட்டு. சாப்பிட்டேன். இரண்டாம் தடவையும் சோறு போட்டுக்கொண்டேன்.

செய்தி எதுவும் வந்திருக்கவில்லை. பெனிலா என்னைப் பார்த்தாள், ஒரு மீனை எடுத்து என் தட்டில் வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் பயம் வந்தது. ஏதோ உடைந்துவிட்டது போலவும், அது எங்கே என்று யாரோ வந்து தேடுவார்கள் போலவும்.

மே 24, வெள்ளி

இன்று அவர் குரல் நன்றாக இருந்தது. மென்மையாக, வங்கியில் வாடிக்கையாளரிடம் பேசுகிற குரல்.

"டிக்கெட் போட்டியா?"

"இல்லங்க."

"நான் யோசிச்சேன் குழலி. நீ அந்த ஊருக்குள்ள போயிட்டு வந்தது சட்டப்படி தப்புன்னு நீயே சொன்ன. மறச்சு வச்சு, நாளைக்கு அவங்களாக் கண்டுபிடிச்சா உனக்குத்தானே அசிங்கம்? அதனால உங்க காலேஜுக்கு நானே ஒரு மெயில் எழுதி வச்சிருக்கேன். நடந்தத அப்படியே. நீ எங்கிட்ட முதல்ல மாத்திச் சொன்னதையும் எழுதியிருக்கேன். அந்தப் படமும் இருக்கு."

"அனுப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. நீ டிக்கெட் போட்டுட்டேன்னா எதுக்கு அனுப்பணும்? அழிச்சிருவேன். திங்கக்கெழம சாயங்காலம் வரைக்கும் யோசி. எல்லாம் உன் நல்லதுக்குத்தான். அப்புறம் உன் இஷ்டம்."

சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"நீ இல்லாம எப்படி?" என்றார்.

அவர் பொய் எழுதுகிறவர் இல்லை. மெயிலில் இருப்பது எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். தேதி, ஊர், படம். என் பொய்யும்.

மே 25, சனி

தூக்கமில்லை. டப்ளின் பெண்மணிக்குக் கட்டுரையின் முதல் பக்கத்தை எழுதினேன். நான்கு வரிக்கு மேல் ஓடவில்லை. அவை நல்ல வரிகள்.

மே 26, ஞாயிறு

ஊருக்கு வெளியே ஆற்றோரமாக நடந்தேன். சேற்றில் வாத்துகள். ஒரு குடும்பம் ரொட்டித் துண்டு போட்டுக்கொண்டிருந்தது. நான் எதற்குப் பயப்படுகிறேன் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பஸ்ஸில் ஏறும் அதிகாரி. ஏறவே இல்லை. திருப்பி அனுப்பிவிடுவார்கள். அனுப்பலாம், அதற்கு வாய்ப்பு இருக்கிறது, சிறியது என்று சொல்லிக்கொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை. இந்த ஒன்பது மாதத்தில் ராத்திரி என்னை எழுப்பி உட்காரவைத்த முகம் எது என்று கேட்டுப் பார்த்தேன். சீருடை போட்ட முகம் ஒன்றுகூட இல்லை.

இப்போது டிக்கெட் போட்டால் மெயில் அழிந்துவிடும். ஆனால் அவருக்குத் தெரிந்தது அழியாது. ஊருக்குப் போன பிறகும், வேறு எதற்காவது, இன்னொன்றை எழுதி வைப்பார்.

வீட்டுக்கு வந்தபோது பெனிலா வேலை முடிந்து வந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"டிக்கெட் போட்டாச்சாக்கா?"

"பாத்துக்கிட்டிருக்கேன்" என்றேன்.

"பாருங்க, பாருங்க. ஜன்னல் சீட்டாப் பாருங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எடுத்த முடிவை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் கட்டிக்கொள்வாள், அழுவேன், அப்புறம் கால் வராது. பூரணியிடமும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தால் அவள் முகத்திலிருந்து அவர் படித்துவிடுவார்.

நாளைக் காலை ஊனா வந்து அறையைத் திறக்கும்போது நான் வாசலில் நிற்பேன். அவர் அனுப்புவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவேன். எந்த பஸ், எந்த ஊர், எவ்வளவு நேரம் இருந்தேன், எல்லாம். என்ன செய்வார்களோ செய்யட்டும்.

எதனால் அப்படித் தூங்கினீர்கள் என்று ஊனா கேட்பார். கேட்காமல் இருக்கமாட்டார். அதற்கான பதிலைச் சாயங்காலத்திலிருந்து ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் கணவர் சாப்பிட்டதாகச் செய்தி வரவில்லை, அதனால் நானும் சாப்பிடவில்லை. எவ்வளவு சின்ன வாக்கியம். இருபது வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை. எல்லையைத் தாண்டினேன் என்று சொல்வதைவிட இதைச் சொல்லத்தான் பயமாக இருக்கிறது.

இதையும் சொல்லப்போகிறேன்.